என்ன மருந்து போட்டார்கள்? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

சின்ன வயதில் புற்றுநோய் வந்து குணமான பெண்ணுக்குக் குழந்தை பிறக்குமா என்று போன இதழில் ஒரு வாசகி கேட்டிருந்தார். “பலருக்கும் பிறக்கிறது, என்ன சிகிச்சை நடந்தது என்பதைப் பொறுத்தது” என்று நாலு வரியில் முடித்திருந்தேன். அது யாருக்கும் போதவில்லை என்று அப்புறம் வந்த கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஆகவே தைராய்டும் வெள்ளைப்படுதலும் அடுத்த மாதம் வரட்டும். இந்த மாதம் முழுக்க இந்த ஒரு விஷயம்தான். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

செந்தூல், கோலாலம்பூர்: “டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 28 வயது. 2004-ல் முதலாம் ஆண்டு படிக்கும்போது ரத்தப் புற்றுநோய் வந்தது. லிம்போபிளாஸ்டிக் வகை என்று பழைய அட்டையில் இருக்கிறது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டரை வருடம் மருந்து கொடுத்தார்கள். கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) வைக்கவில்லை என்கிறார் அம்மா. இப்போது மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. கிள்ளானிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, பையனை எனக்குப் பிடித்திருக்கிறது. நோய் வந்ததை வாயைத் திறந்து சொல்லக்கூடாது என்கிறார் அம்மா. எனக்குக் குழந்தை பிறக்குமா? நான் அவரிடம் சொல்ல வேண்டுமா?”

உங்கள் கடிதத்தில் ஒன்று மட்டும்தான் இல்லை, அம்மா. என்ன மருந்து போட்டார்கள்? எவ்வளவு போட்டார்கள்? நோயின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் கேள்விக்கு உலகத்தில் எந்த டாக்டராலும் பதில் சொல்ல முடியாது. ஒரே நோய்க்கு வெவ்வேறு சிகிச்சை வாங்கிய இரண்டு பெண்களில் ஒருத்தி மூன்று பிள்ளை பெற்றிருப்பாள், இன்னொருத்திக்கு முப்பது வயதில் மாதவிடாய் நின்றிருக்கும்.

சினைப்பையை அதிகம் தாக்குவது ஒரு குறிப்பிட்ட மருந்துக் குடும்பம். சைக்ளோபாஸ்பமைட், ஐஃபாஸ்பமைட், புசல்பான், மெல்பலான், புரோகார்பசின் எல்லாம் அதில் வரும். ஒரு தடவை போட்டார்களா இரண்டு தடவையா என்பதைவிட, மொத்தமாகச் சேர்ந்த அளவுதான் கணக்கு. உங்களுக்கு வந்த வகை ரத்தப் புற்றுநோயில் முதுகெலும்பாக நிற்கும் மருந்துகள் வேறு: வின்கிரிஸ்டின், ஸ்டீராய்டு, அஸ்பராஜினேஸ், மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோபியூரின். இவை கருமுட்டைகளைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நடுவில் சைக்ளோபாஸ்பமைட்டும் வரும், ஆனால் வழக்கமான சிகிச்சையில் அதன் மொத்த அளவு குறைவு. நோய் திரும்ப வராமல், எலும்பு மஜ்ஜை மாற்றாமல், வயிற்றிலோ தலையிலோ கதிர் படாமல் முடிந்திருந்தால், உங்களைப் போன்ற பெண்கள் பெரும்பாலும் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2003-ல் மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் சேர்ந்து மா-ஸ்போர் என்று ஒரு சிகிச்சைத் திட்டம் வகுத்தார்கள். மருந்துக்கு நன்றாக இணங்கும் குழந்தைகளை மிச்சமிருக்கும் நோயணுக்களை அளந்து கண்டுபிடித்து, அவர்களுக்கு மருந்தின் கடுமையைக் குறைப்பதுதான் அதன் நோக்கம். காலம் உங்களுக்குப் பொருந்துகிறது. நீங்கள் அதில் இருந்தீர்களா என்பதைக் கோப்புதான் சொல்ல வேண்டும்.

கோப்பு கிடைக்கும்வரை அம்மாவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏற்றினார்களா? ஏற்றியிருந்தால் பிள்ளை சிவப்பாகச் சிறுநீர் கழித்ததை எந்தத் தாயும் மறந்திருக்க மாட்டார். அது டாக்ஸோரூபிசின் அல்லது டௌனோரூபிசின். சினைப்பைக்கு அதனால் பெரிய பயமில்லை, இதயத்துக்குத்தான் கவனம் வேண்டும். அடுத்தது, ஏதாவது ஒரு மருந்துக்கு மட்டும் மூட்டை மூட்டையாகத் தண்ணீர் ஏற்றி, சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று தாதிகள் பார்த்துக்கொண்டே இருந்தார்களா? அது அநேகமாக சைக்ளோபாஸ்பமைட் அல்லது ஐஃபாஸ்பமைட்டாக இருக்கும், அவை நீர்ப்பையைப் புண்ணாக்கும் என்பதால்தான் அந்தக் காவல். இருபது வருடம் ஆனாலும் அம்மாக்களின் ஞாபகம் இந்த மாதிரி விஷயத்தில் பிசகுவதில்லை.

இருந்தாலும் ஞாபகத்தை வைத்து அளவு போட முடியாது. சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியின் ‘யூனிட் ரெக்கோட் பெருபாத்தான்’ என்ற மருத்துவப் பதிவுப் பிரிவுக்குப் போய் மருத்துவ அறிக்கை கேளுங்கள். கட்டணம் உண்டு, காத்திருக்கவும் வேண்டும். ஒரு சின்ன விஷயம்: மைகார்டு அடையாள அட்டையை 12 வயதில்தான் கொடுக்கிறார்கள். அதனால் உங்கள் பதிவு பிறப்புப் பத்திர எண்ணிலோ, அம்மாவின் அடையாள அட்டை எண்ணோடு சேர்த்தோ இருக்கலாம். வெறும் மைகார்டை மட்டும் நீட்டி, “ரெக்கோட் இல்லை” என்ற பதிலோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறப்புப் பத்திரத்தைக் கையோடு கொண்டு போங்கள், அந்தப் பழைய அட்டையையும்தான். பழைய கோப்புகளைக் காலாகாலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள், இந்த மாதமே போவது நல்லது. அறிக்கையில் மருந்தின் பெயரும் மொத்த அளவும் வேண்டும் என்று எழுதியே கேளுங்கள். “கீமோதெரப்பி அளிக்கப்பட்டது” என்ற ஒரே வரியோடு வரும் அறிக்கையால் யாருக்கும் பிரயோசனமில்லை.

மாதவிடாய் ஒழுங்காக வருவது நல்ல செய்திதான். ஆனால் இன்றைக்கு உலையில் அரிசி விழுந்தது என்பதை வைத்து மூட்டையில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போது பத்திலிருந்து இருபது லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறாள், வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம்தான் இருக்கும். அதற்கப்புறம் கூடுவதே இல்லை. மருந்து அதிலும் ஒரு பங்கைத் தின்றிருந்தால், மாதவிடாய் மற்றவர்களுக்கு முன்பே நின்றுபோகலாம். ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனை இந்தக் கையிருப்பைத் தோராயமாகக் காட்டும். எண் குறைவாக வந்தால் அழ வேண்டாம், இயல்பாகக் கருத்தரிக்க முடியாது என்று அதற்கு அர்த்தமில்லை. பிள்ளை பெறுவதை 36, 37 வரை தள்ளிப்போட வேண்டாம் என்றுதான் அர்த்தம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால் எண் குறைத்துக் காட்டலாம், அதையும் மனதில் வையுங்கள்.

சொல்வதா வேண்டாமா? சொல்லுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், அந்தப் பையனிடம், நீங்களே. தரகர் வழியாக வேண்டாம், பெரியம்மா வழியாக வேண்டவே வேண்டாம். முடிந்தால் அறிக்கையும் ஏஎம்எச் முடிவும் கையில் வந்தபிறகு சொல்லுங்கள், அப்போது உங்கள் பேச்சில் நடுக்கம் இருக்காது. செவ்வாய் தோஷத்தை வெளிப்படையாகப் பேசி அதற்கேற்ற வரன் தேடுகிற நாம், குணமாகி இருபது வருடம் ஆன நோயை மட்டும் ஏன் ஒளித்து வைக்கிறோம் என்று எனக்கு இதுவரை புரியவில்லை. உங்கள் அம்மாவின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டரை வருடம் வார்டில் கிடந்தவர் அவர். ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு இதயப் பரிசோதனை அட்டையைப் பார்த்து மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியவருவதைவிட, இப்போதே தெரிவது உங்களுக்கும் நல்லது.

பட்டர்வொர்த்: “எனக்கு 31 வயது. 15 வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்து கீமோவில் குணமானது. கல்யாணமாகி மூன்று வருடம். பிள்ளை இல்லை. மனைவியை நான்கு கிளினிக்குக்கு அழைத்துப் போய்விட்டோம், தண்ணீர்மலைக்குப் பால்குடமும் எடுத்தாயிற்று. அவருக்குக் குறை எதுவும் இல்லை என்கிறார்கள். எனக்குத் தாம்பத்தியத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லை. அடுத்து என்ன செய்வது?”

அடுத்து நீங்கள் போய்ப் பரிசோதனை செய்துகொள்வது, தம்பி. நான்கு கிளினிக்கில் ஒன்றிலாவது உங்களிடம் விந்துப் பரிசோதனை கேட்டிருப்பார்களே, நீங்கள் போகவில்லை என்றுதான் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்குத் தோன்றியது. இதில் இருப்பதிலேயே மலிவான, வலியில்லாத பரிசோதனை அதுதான். மனைவிக்கு இன்னொரு ஊசி போடுவதற்கு முன்னால் அதை முடியுங்கள்.

தாம்பத்தியம் சரியாக இருப்பதும் மீசை தாடி நன்றாக வளர்வதும் விந்தணு இருப்பதற்குச் சாட்சி அல்ல. விதைப்பையில் இரண்டு வகை வேலையாட்கள் இருக்கிறார்கள். ஆண்மைச் சுரப்பை உண்டாக்கும் செல்கள் கடும் மருந்தையும் ஓரளவு தாங்கும். விந்தணுவை உண்டாக்கும் செல்கள் தாங்காது. அதனால் வெளியே எல்லாம் நன்றாக இருக்க, விந்தில் அணுவே இல்லாமல் போகலாம். ஹாட்ஜ்கினுக்கு முன்பு பரவலாகக் கொடுத்த புரோகார்பசின் கலந்த சிகிச்சை இந்த விஷயத்தில் பொல்லாதது. ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கூட்டு அந்த அளவுக்குக் கெடுக்காது. உங்களுக்கு எது கொடுத்தார்கள்? செந்தூல் வாசகிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும், கோப்பை எடுங்கள்.

அணுக்கள் குறைவாக இருந்தால் ஒரே ஓர் அணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை இருக்கிறது. 1992 முதல் அந்த வழியில் குழந்தைகள் பிறந்துகொண்டிருக்கிறார்கள். ஒன்றுமே இல்லை என்று முடிவு வந்தாலும் கதை அத்தோடு முடிவதில்லை. மைக்ரோ டெசே என்று ஓர் அறுவைச் சிகிச்சை உண்டு. நுண்ணோக்கியின் கீழ் விதைப்பையைத் திறந்து, எங்காவது ஒரு மூலையில் அணு உற்பத்தியாகிறதா என்று தேடுவார்கள். கீமோவுக்குப் பிறகு அணுவே இல்லாதவர்களிலும் ஒரு பகுதியினருக்குக் கிடைக்கிறது, எல்லோருக்கும் இல்லை. அந்தக் கட்டம் வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: உங்கள் சிகிச்சையில் பிளியோமைசின் இருந்ததா என்பதை. ஏபிவிடியில் ‘பி’ அதுதான். அந்த மருந்து நுரையீரலைத் தொட்டிருக்கலாம், மயக்கத்தின்போது ஆக்சிஜன் அளவை அவர் அதற்கேற்ப வைப்பார்.

ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்காதீர்கள். வெளியிலிருந்து அது உள்ளே போனால், இருக்கிற கொஞ்ச நஞ்ச விந்தணு உற்பத்தியும் நின்றுவிடும். முடிவு எதுவாக இருந்தாலும் அதை உங்கள் மாமியார் வீட்டில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக அந்தப் பெண் உங்களுக்காகக் கேட்ட பேச்சுகளுக்கு அது கொஞ்சமாவது ஈடாகும்.

நிபோங் திபால், பினாங்கு: “என் மகளுக்கு 13 வயது. இடுப்பெலும்பில் ஈவிங் சர்கோமா என்ற புற்றுநோய் என்று போன வாரம் சொன்னார்கள். அடுத்த வாரம் கீமோ. ஒரு சினைப்பையை எடுத்துக் குளிர்பதனத்தில் வைக்கலாம், யோசியுங்கள் என்று ஓர் இளம் டாக்டர் சொன்னார். பிள்ளை வயதுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அவள் வயிற்றில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று என் மாமியார் அழுகிறார். எனக்குத் தலை சுற்றுகிறது.”

இவரோடு கடிதம் கிடைத்த அன்றைக்கே தொலைபேசியில் பேசிவிட்டேன். இப்படிப்பட்ட விஷயத்துக்குப் பத்திரிகையின் பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. இங்கே எழுதுவது, நாளைக்கு இதே நிலையில் நிற்கப்போகும் இன்னொரு தகப்பனுக்காக.

ஐயா, அந்த இளம் டாக்டருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். கீமோ தொடங்குவதற்கு முன்னால் இதைப் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தொடங்கிவிட்டால் வழிகள் வேகமாகச் சுருங்கும். ஈவிங் சர்கோமாவுக்கான சிகிச்சையில் ஐஃபாஸ்பமைட்டும் சைக்ளோபாஸ்பமைட்டும் பெரிய அளவில் வரும், இடுப்புக்குக் கதிரும் தேவைப்படலாம். சினைப்பைக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லும் கூட்டத்தில்தான் உங்கள் மகள் இருக்கிறாள்.

முட்டைகளை மட்டும் எடுத்து உறைய வைக்க, ஏறக்குறைய இரண்டு வாரம் தினமும் ஊசி போட்டு அவற்றை வளர்க்க வேண்டும். அடுத்த வாரம் கீமோ என்றால் அதற்கு நேரமில்லை. அந்த டாக்டர் சொன்னது வேறு முறை. வயிற்றில் மூன்று சின்னத் துளை போட்டு, ஒரு சினைப்பையையோ அதன் மேல்தோலில் ஒரு பகுதியையோ எடுப்பார்கள். மருந்து ஏற்ற மார்பில் குழாய் வைப்பதற்கு எப்படியும் மயக்கம் கொடுப்பார்கள், இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்ய முடியுமா என்று கேட்கலாம். எடுத்த திசுவைத் திரவ நைட்ரஜனில், சுழியத்துக்குக் கீழே 196 டிகிரியில் வைப்பார்கள். பல வருடம் கழித்து, அவள் விரும்பினால், உடம்பில் திரும்பப் பொருத்துவார்கள். சில மாதங்களில் அது வேலை செய்யத் தொடங்கும். 2004-ல் பெல்ஜியத்தில் இந்த முறையில் முதல் குழந்தை பிறந்தது, அதற்கப்புறம் உலகம் முழுக்க 200-க்கும் மேல். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2019-ல் ‘சோதனை முறை’ என்ற முத்திரையை இதிலிருந்து எடுத்துவிட்டது. நம் நாட்டில் சேராஸில் இருக்கும் யூகேஎம் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. நீங்களாக ஓட வேண்டாம், உங்கள் புற்றுநோய் டாக்டரே அவர்களோடு பேசட்டும்.

உங்கள் மாமியார் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று இருக்கும், அதை நானே சொல்லிவிடுகிறேன். இதில் அந்தரங்க வழியாக எந்தக் கருவியும் போவதில்லை. எல்லாம் வயிற்றுத் துளை வழியாகத்தான். கருப்பையை யாரும் தொடுவதில்லை. ஒரு சினைப்பை போனாலும் மற்றது இருக்கிறது, மாதவிடாய்க்கும் பெண்மைச் சுரப்புக்கும் அது ஒன்றே போதும். அவரை உட்கார வைத்து இதை நிதானமாகச் சொன்னால் பாதி அழுகை நின்றுவிடும்.

நல்லதை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. இடுப்பில் கதிர் பட்டால் கருப்பையும் பாதிக்கப்படும், பிற்காலத்தில் அது விரிந்து கொடுக்காமல் போகலாம். கதிருக்குப் பதிலாக அறுவைச் சிகிச்சை முடியுமா, மிச்சமிருக்கும் சினைப்பையைக் கதிர் படாத இடத்துக்கு நகர்த்தித் தைக்க முடியுமா என்று கேளுங்கள். கட்டி அவசரப்படுத்துகிறது, ஒரு நாளும் தாமதிக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னால், இதையெல்லாம் விட்டுவிட்டுக் கீமோவைத் தொடங்குங்கள். முதலில் பிள்ளை பிழைக்கட்டும். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளின் பெற்றோருக்கு இங்கே ஒரு எச்சரிக்கை: எடுத்து வைத்த திசுவிலேயே நோயணு ஒளிந்திருக்கலாம் என்பதால், அவர்களுக்குத் திரும்பப் பொருத்துவதில் டாக்டர்கள் தயங்குவார்கள்.

அப்புறம், உங்கள் மகளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், மாமியார் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. 13 வயதுப் பிள்ளைக்கு இது புரியும். ஒப்புதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கலாம், உடம்பு அவளுடையது.

(பையன்களின் பெற்றோரும் இதைப் படிப்பீர்கள். வயதுக்கு வந்த பையன் என்றால் கீமோவுக்கு முன் விந்தைச் சேமித்து வைப்பது ஓரிரு நாள் வேலை. 14 வயதுப் பையனிடம் அம்மா இதைப் பேசினால் அவன் தலையைத் தூக்கவே மாட்டான். அப்பாவோ மாமாவோ ஓர் ஆண் டாக்டரோ தனியாகப் பேசட்டும், குடும்பம் முழுக்க அறை வாசலில் நிற்க வேண்டாம். வயதுக்கு வராத சின்னப் பையன்களுக்கு இப்படிச் சேமித்து வைக்கும் முறை இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.)

ஆயர் ஈத்தாம், பினாங்கு: “4 வயதில் வில்ம்ஸ் கட்டி என்ற சிறுநீரகப் புற்றுநோய் வந்து ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். சிவப்பு மருந்தும் வயிற்றுக்குக் கதிரும் கொடுத்ததாக அறிக்கையில் இருக்கிறது. இப்போது 29 வயது, ஒன்பது வாரக் கர்ப்பம். அந்த மருந்தால் குழந்தைக்கு ஊனம் வருமா? குழந்தைக்கும் புற்றுநோய் வருமா என்று கணவர் வீட்டில் கேட்கிறார்கள்.”

வாழ்த்துகள்! அறிக்கையைக் கையில் வைத்திருக்கிறீர்களே, அதற்கே ஒரு தனி வாழ்த்து.

கணவர் வீட்டுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். சின்ன வயதில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களின் பிள்ளைகளை அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய நாடுகளில் ஆயிரக்கணக்கில் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். பழைய மருந்தாலும் கதிராலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பிறவி ஊனம் கூடுவதாகத் தெரியவில்லை. புற்றுநோயும் அப்படித்தான், பரம்பரையாக வரும் சில வகைகளைத் தவிர. அதில் தெளிவான உதாரணம் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா. பரம்பரை வகையாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மரபணு போக இரண்டில் ஒரு வாய்ப்பு. வில்ம்ஸ் பெரும்பாலும் குடும்பத்தில் ஓடுவதில்லை. உங்களுக்கு இரண்டு சிறுநீரகத்திலும் வந்திருந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது வந்திருந்தாலோ மட்டும் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

கவலைப்பட வேண்டியது உங்கள் உடம்பைப் பற்றித்தான். கர்ப்பத்தில் இதயம் இறைக்கும் ரத்தம் ஏறக்குறைய பாதி அளவு கூடும். சிவப்பு மருந்து வாங்கிய இதயம் இதுவரை ஒரு குறையும் காட்டாமல் இருந்து, இந்தச் சுமையில் திணறலாம். இந்த மாதமே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுங்கள். மூச்சு வாங்கினால், “மாசமாக இருந்தால் எல்லோருக்கும் இப்படித்தான்” என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். ஒற்றைச் சிறுநீரகம் என்பதால் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கதிர் கருப்பையையும் தொட்டிருந்தால் குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடுதல்.

அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் உங்கள் தாய்மைப் புத்தகத்தில் ஒட்டும் வண்ணக் குறியைக் கவனியுங்கள். 25 வருடத்துக்கு முந்தைய நோயை நீங்கள் சொல்லாவிட்டால், ஆபத்து குறைவு என்று வெள்ளைக் குறி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அறிக்கையின் நகலைப் புத்தகத்துக்குள் வைத்து, சிறப்பு மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்தான்.

பூச்சோங்: “10 வயதில் ரத்தப் புற்றுநோய் திரும்ப வந்து, உடம்பு முழுக்கக் கதிர் கொடுத்து மஜ்ஜை மாற்றினார்கள். தம்பிதான் மஜ்ஜை கொடுத்தான். மாத்திரை சாப்பிட்டால்தான் மாதவிடாய் வரும். குண்டாகிறேன் என்று ஒரு வருடமாக நிறுத்திவிட்டேன். வயது 24. பிள்ளை பிறக்காது என்று தெரிந்த பிறகு மாத்திரை எதற்கு?”

எலும்புக்கு. இதயத்துக்கு. தூக்கத்துக்கு, தோலுக்கு, தாம்பத்தியத்துக்கு. மாதவிடாய் வரவைப்பது அந்த மாத்திரையின் வேலைகளில் ஒன்றே ஒன்றுதான், மகளே. சினைப்பை சுரக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜனை மாத்திரை ஈடு செய்கிறது. 24 வயதில் அது இல்லாமல் இருந்தால், நாற்பதில் எலும்பு முறியும் நிலைக்குப் போகலாம். இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது, அதாவது ஏறக்குறைய 50 வரை இது தேவை. வயதான பெண்கள் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் மார்பகப் புற்று வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் கூடுதலாக ஒன்றும் சேர்க்கவில்லை, இல்லாததை நிரப்புகிறீர்கள். எடைக்கு மாத்திரைதான் காரணம் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. உடம்பு முழுக்கக் கதிர் வாங்கியவர்களுக்குத் தைராய்டு சோம்புவது சகஜம், எடை கூடியதற்கு முதலில் அதைப் பாருங்கள். மாத்திரை பிடிக்கவில்லை என்றால் தோலில் ஒட்டும் பட்டை உண்டு. எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

கதிரின் காரணமாக மார்பகப் பரிசோதனையை உங்கள் தோழிகளைவிடச் சீக்கிரம், 25 வயதை ஒட்டியே தொடங்க வேண்டியிருக்கும். அதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் இப்போதே கேளுங்கள்.

பிள்ளை பற்றி: உங்கள் முட்டையில் பிறப்பது மிக மிக அரிது. வேறு பெண் தரும் முட்டையைக் கொண்டு முயல்வது உண்டு, ஆனால் கதிர் வாங்கிய கருப்பை சிறியதாக இருக்கும் என்பதால் முதலில் அதை அளந்து பார்க்க வேண்டும். உங்கள் மதம் என்ன சொல்கிறது என்பதும் இதில் வரும். தத்தெடுப்புக்குத் தீபகற்பத்தில் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் வழியாக முறையாகச் செய்யலாம். சொந்தக்காரப் பிள்ளையை வாய்ப்பேச்சில் வாங்கி வளர்த்து, பள்ளியில் சேர்க்கும்போது பத்திரத்துக்கு அல்லாடுபவர்களை நம் சமூகத்தில் நிறையப் பார்க்கிறேன், அது வேண்டாம். இதெல்லாம் இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியவை அல்ல. மாத்திரை மட்டும் இன்றைக்கே.

பாயான் லெப்பாஸ்: “மகள் படிவம் ஒன்று. எட்டு வயதில் ரத்தப் புற்றுநோய் குணமானவள். பள்ளியில் எச்பிவி தடுப்பூசிக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?”

போடுங்கள். கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் இந்த ஊசி மற்ற பிள்ளைகளைவிட அவளுக்குத்தான் அவசியம். 2010 முதல் அரசாங்கம் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறது. ஒரே ஒரு மாற்றம்: கீமோ வாங்கிய பிள்ளைகளுக்கு மூன்று தவணை சிபாரிசு. பள்ளியில் போடுவது அதைவிடக் குறைவாக இருந்தால் மிச்சத்தை எங்கே போடுவது என்று அவளைக் கவனிக்கும் டாக்டரிடம் கேளுங்கள்.

ராவாங்: “இருவரும் தொழிற்சாலை வேலை. சோதனைக் குழாய் முறைதான் வழி என்று சொல்லிவிட்டார்கள். தனியார் கேட்கும் பணம் எங்களால் முடியாது.”

தனியாருக்கு முன்னால் பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஜாலான் ராஜா லாவுட்டில் தலைமையகம் வைத்திருக்கும் எல்பிபிகேஎன் என்ற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் குறைந்த கட்டணத்தில் குழந்தையின்மைச் சிகிச்சை தருகிறது. கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனையில் இந்தப் பிரிவு உண்டு. வடக்கே இருப்பவர்களுக்கு அலோர் ஸ்டாரில் சுல்தானா பாஹியா. வரிசை நீளம், அதனால் பெயரை இப்போதே கொடுத்து வையுங்கள். ஊழியர் சேமநிதியில் உடல்நலத்துக்கென்று பணம் எடுக்கும் திட்டத்தில் 2020 முதல் இந்தச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. செஜாத்ரா கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று இருவரும் பாருங்கள். கட்டிய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள், வருமான வரிக் கழிவுக்கு வேண்டும்.